தூதுவர் இரு கைகளாலும் வாங்கிய மனு

உலக சமாதானம் இன்னும் உயிரோடிருக்கிறது என்றால், மாண்புமிகு குமாரசாமி தம் வாழ்நாளில் எதற்கும் 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாததுதான் அதற்குக் காரணம். ஜெர்மனியின் கொலோன் நகர வடபுலத் தமிழ் மன்றத்தின் செயலாளர் செல்வரட்ணம் இதை மனதார நம்பினார். நம்பியதால்தான் குமாரசாமியின் சுயசரிதை வெளியீட்டுக்கு மண்டபம் பிடித்து, பொன்னாடை எடுத்து, வாழ்க்கைக் குறிப்பை ஏழு தரம் சத்தமாக வாசித்துப் பழகியும் இருந்தார்.

குமாரசாமி பிறந்தது தென்கிழக்காசிய நாடொன்றில். இராஜதந்திர நாகரிகம் கருதி அதன் பெயரை விட்டுவிடுவோம். முப்பாட்டனார் யாழ்ப்பாணத்தவர் என்பதால், அவர் 'எங்கட ஆள்' என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஜெர்மனியில் தூதுவராக இருந்த காலத்தில் யார் மனு கொடுத்தாலும் எழுந்து நிற்பார், இரு கைகளாலும் வாங்குவார், "கவனத்தில் எடுத்திருக்கிறேன்" என்பார். அதற்குப் பிறகு அந்த மனுவை யாரும் கண்டதில்லை. இந்தத் திறமையை மெச்சி அவருடைய நாடு அவரைக் குடிவரவு அமைச்சராக்கியது. இன்றும் அவர்தான் அமைச்சர். பதவியேற்றதும் மாபெரும் சீர்திருத்தம் ஒன்று செய்தார். அகதிகளை அடைத்து வைத்திருக்கும் முகாம்களின் வாசலில் 'விருந்தினர் நலன்புரி நிலையம்' என்று பலகை மாட்டுவித்தார். பூட்டு பழையதுதான்.

முதல் பிரதியை யாருக்குக் கொடுப்பது என்று செல்வரட்ணம் யோசிக்கவே இல்லை. நூலின் 112ஆம் பக்கப் படத்தில், பதினொரு வருடங்களுக்கு முன் இதே மண்டபத்தில் தூதுவரிடம் மனு கொடுத்துக்கொண்டு நிற்பவள் கண்மணி. இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அவளுடைய தம்பி கிருபன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறி, நடுவழியில் குமாரசாமியின் நாட்டில் பிடிபட்டவன். படத்தின் கீழே 'மக்கள் துயர் துடைத்தபோது' என்று அச்சாகியிருந்தது.

"கண்மணி, மேடையில ஒண்டும் கதைக்க வேண்டாம். புத்தகத்தை வாங்கிக் கும்பிட்டால் காணும்," என்றார் செல்வரட்ணம்.

"ஓம் அண்ணை. தம்பியை விடச் சொல்லி ஒரு வார்த்தை கேக்கட்டோ?"

"இப்ப ஏலாது! அதுக்கு முதலே டெர்மின் எடுத்து, சந்திக்க நேரம் குறிச்சிருக்க வேணுமெல்லோ."

"பதினொரு வருசமா அதைத்தானே கேக்கிறன்."

மேடையில் குமாரசாமி எழுந்தார். வாங்குவது போலவே இரு கைகளாலும் புத்தகத்தைக் கொடுத்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நெகிழ்ந்தே போனார்.

"உங்கட மனு எனக்கு நல்ல ஞாபகம், அம்மா," என்றார் ஒலிவாங்கியில். "ஃபைல் பத்திரமா இருக்கு. தம்பி சுகமோ? நான் விசாரிச்சதாக் கட்டாயம் சொல்லுங்கோ."

செல்வரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனிதர், என்ன ஞாபகம்! முதல் ஆளாகக் கைதட்டினார். மண்டபமே சேர்ந்து தட்டியது.

சத்தம் அடங்கும்வரை கண்மணி பொறுமையாக நின்றாள்.

"நீங்களே சொல்லிவிடுங்கோ, ஐயா. எனக்கு அங்க வர விசா தாறீங்கள் இல்லை. அவன் இன்னும் உங்கட முகாமிலதான் இருக்கிறான். பூட்டின்ர திறப்பும் உங்களிட்டைத்தான் இருக்கு."