பக்கத்து சீட்டு பிரேக்

முப்பத்திரண்டு வருஷமாகப் போகாத பயணத்துக்கு ஒருவழியாக நாள் குறித்த அன்று, மாஸ்டர் தன் வீட்டில் இரண்டு சட்டங்கள் போட்டார். வழியில் ஓட்டல் கிடையாது. நினைத்த இடத்தில் நிறுத்தமும் கிடையாது.

முதல் சட்டத்துக்கு மனைவி உடனே தலையாட்டிவிட்டாள். ரொட்டி, அவித்த முட்டை, இரண்டு ஃபிளாஸ்க், ஒரு மடக்கு அடுப்பு, படுக்கப் பின் சீட்டில் பழைய மெத்தை. சிக்கனம் அவளுக்குப் புதிதா என்ன? இரண்டாவது சட்டத்தைக் கேட்டதும் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள். அதை அவள் மதிப்பாள் என்று மாஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை.

காரணம் அந்த வண்டி. மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஸ்கூலை மூடிய பிறகும் வெள்ளைக் காரை மட்டும் விற்க மனசு வரவில்லை. அதில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால், கூட உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் அமுக்குவதற்காக வைத்தது. குடும்பத்தோடு போகும்போது அந்த சீட்டில் மனைவி உட்காருவாள். வண்டியை ஓட்டுவது அவர், நிறுத்துவது அவள்.

பூச்செடி விற்கிறவனைக் கண்டால் ஒரு அமுக்கு. மகளுக்கு வாந்தி வருகிறதென்றால் ஒரு அமுக்கு. ஆற்றுப் பாலத்தில் சூரியன் சிவப்பாக இறங்கினாலும் ஒரு அமுக்கு. மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் முக்கால்வாசி, அவள் பிரேக் போட்ட இடங்களில் எடுத்தவைதான். பாலத்துக் கைப்பிடியில் மகன், நாய்க்குட்டியோடு மகள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் தலை நரைக்காத மாஸ்டர்.

பயணத்தின் கதை அதற்கும் முந்தியது. கல்யாணமான முதல் மாதம் டயர் கடையில் இனாமாகக் கொடுத்த சாலை வரைபடத்தை, ஒற்றை அறை வாடகை வீட்டில் தரையில் விரித்து வைத்தார். இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். எல்லைச் சாவடியைத் தாண்டி, அடுத்த நாட்டு மலைகளைச் சுற்றி, ஒரு பெரிய ஏரியில் போய் நின்றது கோடு.

"அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் கார்லயே போறோம். என் கையால ஓட்டி உன்னை அந்தக் கரையில இறக்குறேன். போதுமா?"

அடுத்த வருஷம் மகன் வந்தான். அதற்கடுத்து மகள். அப்புறம் பள்ளிக்கூடம், காய்ச்சல், கல்லூரி, கல்யாணங்கள். வரைபடம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் பின்னால் டேப் ஒட்டி, தன் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாள்.

நடுவில் ஒரே ஒரு முறை, "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்று கேட்டாள். காலி மைதானத்துக்கு அழைத்துப் போனார். கால் மணி நேரம்தான். "உனக்கு பிரேக்கைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா? ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்!" என்று ஒரு கத்தல். அவள் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள். இறங்கி வீட்டுக்கு நடந்தே போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாஸ்டர் மெக்கானிக்கிடம் போனார். அவனும் அவரிடம் பழகியவன்தான்.

"பக்கத்து சீட்டு பிரேக்கைக் கழட்டணும்டா."

"அம்மாவுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாம இருக்கணும்னுதானே உங்கிட்ட வந்தேன். பெடல் அப்படியே இருக்கட்டும். கம்பியை மட்டும் எடுத்துடு. பத்து மரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினா நான் எப்ப ஏரியைப் பார்க்குறது?"

மெக்கானிக் கம்பியை எடுத்தான். மாஸ்டரின் நெஞ்சிலிருந்து ஒரு பாறையையும் சேர்த்து எடுத்தான்.

விடிந்ததும் கிளம்பினார்கள். அவள் கண்ணை மூடி இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டிய முதல் திருப்பத்தில், மஞ்சள் பூவாகக் கொட்டிக் கிடந்தது ஒரு மரத்தடி. அவள் கால் நீண்டது. வண்டி நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். வண்டி அதுபாட்டுக்குப் போனது. மாஸ்டர் விசிலடித்தார். அவள் பெடலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

"என்னம்மா, ஏதாவது சொன்னியா?"

"உங்ககிட்ட இல்லீங்க."

கொஞ்ச தூரம் போனபின், "அந்த மரத்தடியில ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம்" என்றாள்.

"திரும்பி வரும்போது பார்க்கலாம்."

"முப்பத்திரண்டு வருஷமா இதைத்தானே சொல்றீங்க."

வெயில் ஏறும் முன்பே எல்லைச் சாவடி வந்துவிட்டது. குறுக்கே ஒரு கம்பு, அதற்கு அந்தப் பக்கம் வரைபடத்தில் பார்த்த மலைகள். மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கல்யாணத்தின்போது அணிந்திருந்த கைக்கடிகாரத்தைக்கூட இன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதிகாரிப் பெண் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள். "ஐயா, இது முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே."

"இருக்காதும்மா. இருபது வருஷமா லைசென்ஸ் முடியற தேதிக்குன்னே நோட்டுப் போட்டு, ஒருத்தர் விடாமப் போன் பண்ணி ஞாபகப்படுத்துனவன் நான்!"

"அந்த நோட்டுல உங்க பேரு இருந்துச்சா?"

மாஸ்டர் யோசித்தார். அது பழக வந்தவர்களுடைய நோட்டு. மாஸ்டர் எங்கே பழக வந்தார்?

"வண்டி போகலாம் ஐயா. நீங்கதான் ஓட்டக்கூடாது. திருப்பி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகவும் விடமாட்டோம்."

மாஸ்டர் கம்பைப் பார்த்தார். அதற்கப்பால் மலையைப் பார்த்தார். கிழட்டுக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மனைவி மெதுவாகக் கைப்பையைத் திறந்து, பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்து, வரைபடத்துக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை அதிகாரியிடம் நீட்டினாள்.

"உங்க லைசென்ஸ் செல்லும்மா. இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றாள் அதிகாரி.

மாஸ்டருக்குக் குரல் கீச்சென்று வந்தது. "இது... இது எப்ப?"

"சின்னவ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்."

"யாரு கத்துக்குடுத்தது?"

"எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்காரர்தான்."

"அவனா! சைக்கிளைக்கூட நேரா ஓட்டத் தெரியாதவனாச்சே!"

"அவர் கத்தவே மாட்டாருங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்னீங்க. உங்க மனசு நோக வேண்டாம்னு விட்டுட்டேன். அந்தச் சின்னவளுக்குப் பிரசவம் ஆச்சே, அன்னைக்கு நீங்க வெளியூர். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு நினைச்சீங்க?"

டாக்ஸி என்றுதான் மாஸ்டர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

மாஸ்டர் இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து சீட்டுக்கு மாறினார். அந்த சீட்டில் எத்தனையோ ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தவர்தான். ஆனால் அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்தது, பக்கத்தில் குப்புறப் படுத்து வரைபடம் பார்த்த அந்தப் பெண். கம்பு மேலே எழுந்தது. அவள் கண்ணை மூடாமலேயே வேண்டிக்கொண்டு, பூப்போல கிளச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் நுழைந்தது. தன்னிடம் பழகியவர்களில் ஒருவர்கூட இப்படி எடுத்ததில்லை என்று மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பெருமை முதல் மலைத் திருப்பம் வரைக்கும்தான். எதிரே ஒரு லாரி, இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. பழக்க தோஷம், மாஸ்டரின் கால் தானாகப் பாய்ந்து பெடலை மிதித்தது. பஞ்சுமூட்டையை மிதித்த மாதிரி அது தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் லாரிக்கு அழகாக வழிவிட்டு, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க. காலையிலேருந்து நான் செஞ்ச மாதிரியே, கண்ணை மூடிக் கடவுளை வேண்டிக்கிட்டு வாங்க."