சுகந்தியின் படங்களை வீட்டுக் கணினியில் வைத்தது பற்றி

ஊர்காவற்றுறை,
14.10.2009

அன்பு மகன் டினேஷ் அறிவது,

பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெரியம்மா அல்போன்சம்மாவும் மகள் சுகந்தியும் மாதாவின் காவலில் சுகம். கனடாவில் நீரும் குளிருக்குத் தக்கபடி உடுத்திச் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன்.

சுகந்தியின் கலியாணப் பேச்சுக்கு அங்கே கனடாவிலுள்ள மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டபோது, கலியாணமாகாத குமர்ப்பிள்ளையின் படம் ஊர்பேர் தெரியாத ஒருவனுடைய கணினியில் கிடக்கக் கூடாது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். அப்படியென்றால் உங்கள் வீட்டுக் கணினியிலேயே வையுங்கள், அவர்கள் இங்கிருந்து திறந்து பார்க்கட்டும் என்று நீர் தொலைபேசியில் வழி சொன்னீர். அதன்படி பழைய கணினியை அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து இரவு பகலாக ஓடவிட்டேன். முதற் சிக்கல் விலாசம். எங்கள் இணைய இணைப்பின் இலக்கம் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாறுகிறது. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன் நான்; வீடு அசையாமல் இருக்க இலக்கம் மட்டும் மாறுவதை எங்கும் கண்டதில்லை. அதற்கு நீர் இலக்கம் மாறினாலும் மாறாத பெயர் ஒன்று எடுத்துத் தந்தீர், நன்றி. அடுத்தது பெரியம்மா. தொலைக்காட்சிக்குப் போடுவதுபோல இதற்கும் அளவெடுத்துப் பூப்பின்னல் உறை தைத்துப் போட்டுவிட்டார். காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி, மாப்பிள்ளையின் தாயார் திறந்து பார்த்த நேரம் அது அணைந்து கிடந்தது. அவர்களுக்குப் பார்க்க ஓய்வு கிடைப்பது சனி இரவில்தான்; அது எங்களுக்கு ஞாயிறு காலைப் பூசை நேரம். உறையைக் கழற்றினேன். அடுத்த ஞாயிறு மின்சாரம் இருந்தும் நின்றுவிட்டது. பார்த்தால் பிளக் கழன்று கிடக்கிறது. வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் பெரியம்மா பூசைக்கு வாசற்படலை தாண்டுவார் என்பது நீரும் அறிந்ததே. ஏசினேன். "நான் தொடேல்லை" என்று மாதாமேல் சத்தியம் செய்தார். மூன்றாம் ஞாயிறும் அதே கதை. இப்போது மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறார்.

மூன்று கிழமையாகப் படத்தை ஒளிக்கிறார்களே, பெண்ணில் என்ன குறையோ என்று மாப்பிள்ளையின் தாயார் உமது அம்மாவிடம் கேட்டாராம். பிள்ளையில் ஒரு குறையுமில்லை, குறை பிளக்கில்தான் என்று நீர் நேரிற் போய் விளக்கி, அடுத்த மாத நடுவில் வரும் ஞாயிறுவரை தவணை வாங்கித் தர வேண்டும். அந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகாமல் பிளக்குக்குக் காவல் இருப்பேன். தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவது, கடிதம் எப்படியும் வந்து சேரும் என்பதால்.

உமக்கும் அம்மா அப்பாவுக்கும் மாதா துணை நிற்க மன்றாடும்,
பெரியப்பா
சூ. பத்திநாதர்
(இளைப்பாறிய தபால் அதிபர்)

பி.கு. (19.10.2009): இதை ஒட்டுமுன் சுகந்தி எடுத்து வாசித்துவிட்டாள். "அப்பா, பிளக்கைக் கழட்டினது நான். நீங்கள் ஆரும் எனக்கு விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள். படலைவரை வந்து, செபமாலையை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடியதெல்லாம் அதற்குத்தானாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆகவே தவணை கேட்க வேண்டாம்; இந்தப் பேச்சே வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடும். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்; அன்றும் சோற்றை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். படங்களை அழித்துவிட்டேன். நேற்று ஞாயிறு, கணினி ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடியது. பார்க்கத்தான் அதில் ஒன்றுமில்லை.