நடந்து போன பல்கலைக்கழகம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
17.07.1979, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி பாயிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நேரத்தில் பேனாவைப் பிடித்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். மணி பத்தரை தாண்டிவிட்டது. மகள் அசனாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். உன்ட மச்சானுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. வல்ல நாயன் கிருபையால் இங்கே யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதையும் எழுதிவிட்டேன். ஆனால் உன் ராத்தா எனக்குச் சுகமில்லை. அது வைத்தியரிடம் காட்டக்கூடிய வருத்தமும் இல்லை.

இன்று காலை நான் அடித்த தந்தி இதற்குள் உன் கையில் இருக்கும். "உம்மா சம்மதமில்லை. படிவமும் இல்லை. இடத்தை விட்டுவிடு. ஜெமீலா." ஏழே ஏழு சொல். ஏழு சொல்லால் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திப்போட்டு, இப்போது ஏழு பக்கத்தில் நியாயம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தான் வாப்பா, கப்பல் போன பிறகு கயிறு எறியிறது என்பார்.

நீ அனுப்பிய உறை இந்த மாதம் மூன்றாம் திகதி வந்தது. படிவம், படப் புத்தகம், உன் கடிதம் மூன்றும் பத்திரமாகக் கிடைத்தன. "ராத்தா, நீங்கள் வரலாறு படிச்ச ஆள். பீக்கிங் பல்கலைக்கழகம் எண்டா என்ன எண்டு உம்மாவுக்கு ஆறுதலா விளங்கப்படுத்துங்க. எனக்கு அங்க படிக்க இடம் கிடைச்சிருக்கு. உம்மா கையொப்பம் வைச்ச சம்மதப் படிவம் இருபதாம் திகதிக்கு முதல் இங்க கொழும்புக் கந்தோருக்குக் கிடைக்க வேணும்" என்று எழுதியிருந்தாய். இதைவிட லேசான வேலை உலகத்தில் இருக்குமா? சீனாவுக்குப் போயாவது படிக்க வேணும் என்ற அந்தப் பழைய சொல்லை, நாம் இருவரும் கணக்குச் செய்யாமல் விளையாடின ஒவ்வொரு அந்தியிலும், மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை சொன்னார். உம்மா குசினிக்குள் இருந்து ஆமா போட்டா. அந்த நம்பிக்கையில் நான் படிவத்தை நீட்டினேன். உம்மா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, "வாப்பா சொன்னது நீங்க கணக்குச் செய்யிறதுக்கு மகள். கப்பலேறுறதுக்கு இல்ல" என்றா. படிவத்தை அலுமாரிக்குள், வாப்பாவின் தொப்பிக்குக் கீழே வைத்துப் பூட்டினா. பிறகு கதிரையில் சாய்ந்து, "சரி, அது என்ன இடம்? சொல்லு, கேப்பம்" என்றா.

இங்கேதான் தம்பி, நான் பிழை விட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல நல்ல தொடக்கம் எத்தனையோ இருக்கு. 1898இல் பேரரசர் காலத்தில் தொடங்கினது, பொம்பிளைப் பிள்ளைகளை 1920இலேயே உள்ளுக்கு எடுத்தது, பீக்கிங்கில் நூற்றுக்கணக்கான வருசப் பழமையான பள்ளிவாசல் இருக்கு, ஹலால் சாப்பாடு கிடைக்கும் என்று தொடங்கியிருக்கலாம். எல்லாம் எனக்குத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய வரலாற்றுக்கு எழுதின கொப்பி இன்னும் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கு. ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "பதின்மூணு வருசத்துக்கு முதல் அதை மூடிப் போட்டாங்க உம்மா. பேராசிரியர்மாரை வயல் வேலைக்கு அனுப்பினாங்க."

உம்மா வெத்திலையை மடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "பிறகு?" என்றா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வரலாறு படிச்சவளுக்கு நிறுத்த ஏலுமா? அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு உம்மா தானாகவே வந்து உட்கார்ந்தா. பின்வீட்டுப் பரீதா மாமியும் பாக்குவெட்டியோடு வந்துவிட்டா. நான் 1900க்குப் போனேன். கலவரம், வெளிநாட்டுப் படைகள், இரண்டு வருசம் பூட்டு. "தொடங்கி ரெண்டு வருசத்துலயே மூடிட்டாங்களா?" என்று மாமி பாக்கை வெட்டினா. "எங்கட ஊர்க் கூட்டுறவுச் சங்கம் மாதிரி." அதற்கு அடுத்த நாள் 1919, மாணவர்கள் வீதியில் இறங்கினது, பொலிஸ் பிடிச்சது. அதற்கும் அடுத்த நாள் 1937, யப்பான்காரன் வந்தது, பல்கலைக்கழகம் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு தெற்கே ஓடினது. முதலில் சாங்ஷா, அங்கேயும் குண்டு விழ, குன்மிங். முந்நூறு பேரளவில் மாணவரும் ஆசிரியரும் கால்நடையாகவே போனார்கள் என்றேன்.

"எவ்வளவு தூரம்?" உம்மா.

"ஆயிரம் மைல் வரும்."

மாமி விரலை மடித்துப் பார்த்து, "இங்கயிருந்து கொழும்புக்கு மூணு தரம் போய்த் திரும்பி வாற தூரம்" என்றா. "ஆமினா, உன்ட மகன் சந்தைக்கே சைக்கிள்ல போறவன்."

"காலுல என்ன போட்டுக்கொண்டு நடந்தாங்க?" உம்மா.

"வைக்கோல் செருப்பு."

உம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் விடிய உன் பழைய செருப்புச் சோடியைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் போனா. எங்கே என்று கேட்டதற்கு, "வேலை இருக்கு" என்றா. பிள்ளையின் செருப்பைக் கொண்டுபோய் யாரிடம் குறி கேட்கிறாவோ என்று நான் பயந்தேன்.

அன்றிலிருந்து உம்மா பின்னேரங்களில் வீடு வீடாகவும் போகத் தொடங்கினா. நோன்புக்கு முந்தின பராத்துக் காலம், சனம் வீடு வீடாகப் போறதுதானே என்று முதல் இரண்டு நாள் விட்டேன். பராத்து முடிந்த பிறகும் போனா. கண் சிவந்து திரும்பி வந்தா. வாப்பாவோடு வேலிச் சண்டையில் பதினெட்டு வருசம் கதைக்காத வீட்டுக்கும் போனா, தம்பி! பிறகு அந்தச் சனமெல்லாம் நம்மட வீட்டுக்கு வரத் தொடங்கினது. ஒருத்தர் தேன் போத்தல், ஒருத்தர் கீரிக் கருவாடு, யாரோ நுவரெலியாவில் வாங்கின கம்பளிச் சட்டை. எல்லாரும் உம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகக் கதைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மௌத்து வீட்டுக்கு வந்து போறது மாதிரி. ஜெமீலா சொன்ன கதையால் ஆமினா உம்மாவின் மனசு உடைந்துபோச்சு என்று ஊரே பேசுது என்று விளங்கிக்கொண்டேன்.

உன்ட மச்சானிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "உன்னைப் பிள்ளையை அனுப்பி வைக்கச் சொன்னா, நீ சோதனைத்தாளுக்கு விடை எழுதுறாய்" என்றார். "ஒரு நல்ல விசயம் சொல்லன்."

சரியென்று அடுத்த நாள் படப் புத்தகத்தை எடுத்தேன். அதில் பெரிய அழகான குளம், கரையில் கோபுரம் மாதிரித் தண்ணீர்த் தாங்கி. "1952இல் இந்த இடத்துக்கு மாறினாங்க உம்மா. இந்தக் குளத்துக்கு 'பேரில்லாத குளம்' எண்டுதான் பேர்." அவ்வளவுதான், மாமி பிடித்துக்கொண்டா. "இவ்வளவு படிச்ச ஆக்கள், ஒரு குளத்துக்குப் பேர் வைக்க ஏலாமப் போச்சா? கந்தளாயில எருமைக்கும் பேர் இருக்கு." அதற்குள் அசனா அந்தப் பக்கத்தைக் கிழித்து, குளத்தில் பாதியை விழுங்கிவிட்டாள். விரலை விட்டுத் தோண்டியதில் தண்ணீர்த் தாங்கி மட்டும்தான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகும் உம்மா விடவில்லை. ஒவ்வொரு நாளும் "பிறகு?" "பிறகு?" நானும் சொன்னேன். குன்மிங்கில் தகரக் கூரைக்குக் கீழே வகுப்பு நடந்ததையும், மழை பெய்தால் ஆசிரியர் சொல்வது கேட்காது என்பதையும், எட்டு வருசம் அப்படி இருந்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பினதையும் சொன்னேன். பிறகு பொறியியலையும் மருத்துவத்தையும் பிடுங்கி வேறு இடங்களுக்குக் கொடுத்ததை. போன வருசம்தான் சோதனை வைத்து எடுத்த பிள்ளைகள் மறுபடி உள்ளே போனதை. நேற்றுப் பின்னேரம் அதுவரைக்கும் வந்துவிட்டேன். உம்மா எழும்பி, "போதும் மகள். இனி நீ ஒண்டும் சொல்லத் தேவையில்ல" என்று குசினிக்குள் போனா. கொஞ்ச நேரத்தில் என்னவோ எரியிற மணம்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டினது. இன்று விடிய அலுமாரியைத் திறந்து பார்த்தேன். வாப்பாவின் தொப்பி இருந்தது. படிவம் இல்லை.

அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்க்க மனம் வரவில்லை. உம்மாவிடம் கேட்க அதைவிடப் பயம். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், புதுப் படிவம் எடுக்கக் காலம் இல்லை, உனக்குப் பின்னால் காத்திருக்கிற பிள்ளைக்காவது அந்த இடம் போகட்டும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டு, அசனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தேன்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். வரலாறு தெரிஞ்சதால் வந்த பிழை இல்லை இது. உன் கடிதத்தைப் பிரித்த அன்று எனக்கு முதலில் சந்தோசம் வரவில்லை, பாயிஸ். நல்ல பெறுபேறு எடுத்து, மேலே படிக்க வாவென்று பேராதனையிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அது வந்த கிழமை கலியாணம் பேசி முடிந்திருந்தது. அந்தக் கடிதத்தை ஆருக்கும் காட்டவில்லை. உன்ட மச்சான் தங்கமான மனுசன், அசனா என்ட உயிர், அதில குறையில்லை. ஆனா பீக்கிங் எண்ட எழுத்தைக் கண்டதும் நெஞ்சுக்குள்ள ஒரு முள் ஏறினது. அதனாலதான் மூடின கதையை முதல்ல சொன்னன், பள்ளிவாசலைக் கடைசியில சொன்னன். புவிச்சரிதவியல் படிச்சு, கல்லையும் மண்ணையும் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்த உன்னை, ஒரு பொய்யும் சொல்லாமலே கவிழ்த்துப் போட்டன். பொய் சொல்லியிருந்தா பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யலாம். உண்மையைச் சொன்னதுக்கு எப்படித் தௌபாச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியல்ல.

நோன்பு வர இன்னும் பத்து நாளும் இல்லை. அதற்கு முதல் உன்னிடம் மாப்புக் கேட்டுவிட வேணும். மச்சானின் சலாம். அசனாவின் முத்தம், அரைக் குளமும் சேர்த்து. அல்லாஹ் உன் அறிவை இன்னும் விரிவாக்கித் தரட்டும், ஆமீன்.

உன் ராத்தா,
ஜெமீலா

பி.கு. புதன் காலை. உறையை ஒட்டப் போகும்போது சுபஹு தொழுதுவிட்டு உம்மா வந்தா.

"ஆருக்கு இவ்வளவு நீளக் கடிதம்?"

"பாயிஸுக்கு."

"நல்லதாப் போச்சு. பஸ் நிலையத்துச் செருப்புத் தைக்கிறவர் சப்பாத்தை வாற கிழமை தாராராம் எண்டு எழுது. ரெட்டை அடி வைச்சுத் தைக்கச் சொல்லியிருக்கன். அந்தப் பள்ளிக்கூடம் திரும்பவும் எழும்பி நடக்க வெளிக்கிட்டா, எங்கட பிள்ளை வைக்கோலோட நடக்க வேணாம்."

"படிவம்?" என்றேன்.

"அதா? நீ கதை தொடங்கின ரெண்டாம் நாளே மீன் லொறி ஆதம்பாவாவிட்டக் குடுத்தனுப்பிட்டன். ரெண்டு தரம் மூடியும் திரும்ப எழும்பின பள்ளிக்கூடம் எண்டா, அது நல்ல இடமாத்தானே இருக்கும். அந்த லொறி கொழும்புக்குத்தானே போகுது. அந்தக் கந்தோர்லயே குடுத்திட்டு வந்திட்டான். நான் அரபுத்தமிழ்ல கையெழுத்து வைச்சன், பள்ளிவாசல் லெவ்வை கீழ தமிழ்ல எழுதித் தந்தார். கொஞ்சம் மீன் மணக்கும். பரவாயில்ல."

"வீடு வீடாப் போனது?"

"அவ்வளவு தூரம் போறவன் ஆக்களிட்ட மாப்புக் கேக்காமப் போகலாமா? அவன் கொழும்புல இருக்கான். உம்மாதானே கேக்க வேணும்."

ஹஜ்ஜுக்குப் போறவர்கள் தாங்களே வாசல் வாசலாகப் போய்க் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சீனாவுக்குப் போற பிள்ளைக்காக உம்மா போய்க் கேட்பா என்று எந்தக் கொப்பியில் படித்தேன்?

"நேத்து எரிஞ்சது?"

"சோறு. உன்ட கதையால."

"அப்ப ஏன் உம்மா ஒவ்வொரு நாளும் இருந்து கேட்டீங்க?"

உம்மா அசனாவின் சட்டையை எடுத்து மடித்தா. "கலியாணம் முடிச்சு மூணு வருசத்துல நீ கையை ஆட்டிக் கதைச்சு நான் காணல்ல மகள்" என்றா. "அதுதான் கேட்டுக்கொண்டிருந்தன். நேத்துக் கதை இந்த வருசத்துக்கு வந்திட்டு. இனி உள்ளதை அவன் எழுதட்டும்."

தம்பி, மேலே எழுதினதையெல்லாம் கிழித்துப் போடு. தந்தியை முதலில் கிழி. நான் தந்தி அடித்தது உம்மாவுக்கு இன்னும் தெரியாது. குசினிக்குள் உனக்குத் தொதல் கிண்டப் பனங்கட்டி உடைக்கிறா, ஒவ்வொரு அடியும் என் தலையில் விழுகிற மாதிரி இருக்கு. தபால் கந்தோர் எட்டு மணிக்குத் திறக்கும். முந்தின தந்தியை மாற்றி இன்னொரு தந்தி அடிக்க முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டாயா, இல்லையா? தயவுசெய்து கெதியாகப் பதில் போடு.