ராசாத்திக்குப் பெட்ரோல் தேடிய படலம்

உளி ஏந்திய கையோன், மரத்தூள் மணக்கும் மார்பினோன், ஊரார் வீட்டு வாசல்களுக்கெல்லாம் கதவு தந்தும் தன் வீட்டுக் குளியலறைக் கதவை மட்டும் இன்றளவும் சரிசெய்யாத பெருந்தகையோன், தச்சருள் ஏறனையான் வாழ்க! அவன் சரக்கையெல்லாம் சுமந்து தேய்ந்தவள், நீலம் வெளுத்த மேனியாள், ஓங்கித் தட்டினாலன்றித் திறவாத கதவினாள், பெட்ரோல் முள் பாதியில் உறைந்து பல்லாண்டாக அசையாத பிடிவாதக்காரி, ராசாத்தி என்னும் அந்தக் கிழட்டுச் சரக்கு வண்டியும் வாழ்க!

இருவர்க்கும் வாழ்த்துத் தேவைப்பட்ட காலம் அது. சென்ற மழைக்காலத்தில், இல்லத்தரசியின் அக்காளுக்குச் செய்த கட்டிலைச் சுமந்து சென்ற ராசாத்தி கொட்டும் மழையில் நடுத்தெருவில் மூச்சை நிறுத்தினாள். கட்டில் நனைந்து ஊதியது. அக்காளின் முகம் அதைவிட ஊதியது. அன்று மாலை அடுப்படியிலிருந்து எழுந்தது ஒரு சபதம்.

"இதோ பாருங்க, இன்னொரு தடவை இது நடுரோட்ல நின்னுச்சுன்னா, அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். சொல்லிட்டேன்."

மூவுலகும் நடுங்கின. குறைந்தபட்சம் அலமாரியில் இரண்டு தட்டுகள் நடுங்கின. தச்சனோ அன்றுமுதல் ராசாத்தியின் உடல்நலத்துக்காகவே உயிர்வாழ்ந்தான். இல்லத்தரசியின் தம்பி, கரிபடிந்த நகத்தினன், வாகன மருத்துவம் கற்ற மெக்கானிக், தொலைபேசி வழியே அசரீரியாய் ஒலித்தான்.

"மாமா, புது வண்டின்னா பரவால்ல. உங்களோடது பழசு. எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டுப் போட்டு ஓட்டுனா ரப்பர் குழாயெல்லாம் ஊறிப்போகும். ஆனா எப்பவாச்சும் ஒரு தடவைன்னா..."

'ஊறிப்போகும்' என்ற சொல்லிலேயே தச்சன் கலங்கித் தொலைபேசியை வைத்துவிட்டான். மீதி வாக்கியம் காற்றோடு போயிற்று.

வந்தது அந்த நாள். அதே அக்காளுக்கு, பழைய மனத்தாங்கல் தீர, ஒரு சாப்பாட்டு மேஜை ஆயத்தமாயிற்று. ரசமட்டத்தை அதன் நெஞ்சில் வைத்து, குமிழி இம்மியும் பிசகாது நடுவில் நிற்கக் கண்டு, தன் கைத்திறனைத் தானே வியந்து, பட்டறை வாசற்சரிவில் சாய்ந்து நின்ற ராசாத்தியின் முதுகில் மேஜையை ஏற்றிக் கட்டினான் வீரன். உறைந்துபோன முள்ளை நம்பாத அவன், தானே கோடு கீறிய தேக்குக் குச்சியை டாங்கில் விட்டெடுத்தான். மூன்றாம் கோடு வரை ஈரம்! இதைக் கொண்டு, ஊருக்கு வெளியே, கலப்பில்லாப் பெட்ரோல் கிடைக்கும் அந்தத் தொலைதூரப் பங்க் வரை தாராளமாகப் போய்விடலாம் என்று கணக்கிட்டு முறுவலித்தான்.

தெருமுனையிலேயே இருந்தது இன்னொரு பங்க். கலப்புப் பெட்ரோல் மட்டுமே விற்பது. அதன் வாயிலில் ராசாத்தி தானாகவே ஒரு கணம் தயங்கினாள்.

"ஏங்க, இங்கயே கொஞ்சம் போட்டுட்டுப் போயிடலாமே?" என்றாள் அருகே அமர்ந்த இல்லத்தரசி.

அந்தோ, அப்போது மூண்டதே ஒரு போர்! தச்சனின் நெஞ்சமே களமாக, அருகில் உள்ளது, விலை குறைந்தது, மனைவி சொன்னது என்னும் முப்படை ஒருபுறம் அணிவகுக்க, ஊறிப்போகும் குழாய்கள் என்னும் ஒற்றைப் பேரச்சம் யானைபோல் மறுபுறம் பிளிற, பின்னால் நின்ற வண்டிகள் போர்ச்சங்கென ஆரன் முழங்க, பங்க் ஊழியன் குழாயை வேலென ஓங்கியபடி "எவ்வளவுண்ணே?" என்று அறைகூவ, வீரன் ஜன்னல் வழியே தலைநீட்டிப் பிரகடனம் செய்தான்.

"என் உடலில் உயிருள்ளவரை ராசாத்தியின் தொண்டையில் கலப்பு இறங்காது!"

"அப்பச் சரி, வண்டிய ஓரமா எடுங்கண்ணே," என்றான் ஊழியன்.

எடுத்தான். கடைவீதி கடந்தான், பாலம் கடந்தான். தொலைவில் அந்தத் தூய பங்க்கின் பலகை தோன்றியபோது அவன் கண்கள் பனித்தன. அக்கணமே ராசாத்தி ஒருமுறை இருமினாள், மறுமுறை குலுங்கினாள், பின் நடுரோட்டில் நின்றாள்.

நின்றே விட்டாள்! சபதம் நினைவுக்கு வர, தச்சன் வண்டியிலிருந்து குதித்தான். தேக்குக் குச்சியை டாங்கில் விட்டான். எலும்பெனக் காய்ந்து வந்தது குச்சி. இல்லத்தரசி அதை வாங்கிப் பார்த்தாள். சமமான சாலையைப் பார்த்தாள். பட்டறைச் சரிவை நினைத்தாள். சாய்ந்து நின்ற டாங்கில் பெட்ரோல் முழுதும் ஒரே மூலைக்கு ஓடிவந்து குச்சியை ஏமாற்றியிருக்கிறது என்பது அவளுக்கு உடனே விளங்கியது.

"மேஜைக்கு ரசமட்டம் வெச்சுப் பாக்கத் தெரியுது. வண்டி கோணலா நின்னது தெரியலையா?"

வீரன் தலைகுனிந்தான். பிறகு மிக மெல்லிய குரலில், "அப்ப... வித்துடப் போறியா?" என்றான். அந்தக் குரலில் காவியம் ஏதும் இல்லை. பயம் மட்டுமே இருந்தது.

அவள் ராசாத்தியின் சூடான நெற்றியில் கைவைத்தாள்.

"இதை எதுக்கு விக்கணும்? பட்டினி போட்டா மாடுகூடத்தான் படுத்துக்கும். தப்பெல்லாம் உங்க மேல. உங்களை யாரு வாங்குவா?"

இவ்வாறு தீர்ப்பளித்து, வண்டியில் கிடந்த காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க் பலகையை நோக்கி நடந்தாள். கலப்பில்லாதது தீர்ந்து நாளாகிறதாம். கொண்டுவந்தது கலப்பு. பிரகடனம் செய்த அதே வாயை இறுக மூடிக்கொண்டு, தன் கையாலேயே அதை ஊற்றினான் தச்சருள் ஏறனையான். சாவியை ஒரே திருப்பு. ராசாத்தி சிங்கமெனச் சிலிர்த்தெழுந்து, குழாய் எதுவும் ஊறாமல், மேஜையில் ஒரு கீறலும் விழாமல், சோறு ஆறுவதற்குள் அக்காள் வீட்டு வாசலைச் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து வண்டிக்குப் பெட்ரோல் போடுவது மனைவிதான்.