கீழ்ப்பாறைக்கு ஏழு பேர் வேண்டும்

"அண்ணே, என்னையத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க" என்று ஆனந்தகுமார் போனில் சொன்னபோது, முனீஸ்வரன் தேயிலை ஃபேக்டரி வாசலில் நின்று ஒரு பருப்பு வடையைப் பாதி கடித்திருந்தார்.

"யாருலே கூப்பிட்டது?"

"எங்க நாவல்மேட்டுலதான். அங்க ரெண்டு பேருக்கு மூணாறு ரிசார்ட்டுல வேல கெடச்சிருச்சாம். ஆளு இல்ல. ஞாயித்துக்கெழம வந்து அவங்களுக்கு ஆடணுமாம்."

"ஞாயித்துக்கெழம நமக்கும் அவங்களுக்கும்தானலே ஆட்டம்!"

"ஆமாண்ணே. அதான் ஜெர்சிய யார்ட்டக் குடுக்கணும்னு கேக்கலாம்னு..."

முனீஸ்வரன் போனை வைத்துவிட்டார். கீழ்ப்பாறை எஸ்டேட் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர் அவர்தான். கோச், கோடு போடுகிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாமும் அவர்தான். செவன்ஸ் ஆட்டம், அணிக்கு ஏழு பேர். எஸ்டேட் பையன்கள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலை தேடிப் போய்விட்டதால் சொந்த ஆள் நாலு பேர்தான் மிச்சம். மற்ற மூன்று பேரை சீசன் தொடக்கத்தில் லோனுக்கு வாங்கியிருந்தார். மலையில் இது வழக்கம்தான். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சீனி வாங்குவது மாதிரி ஆட்டக்காரனை வாங்குவார்கள். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் இந்த வருடம் நிலைமை வேறு. கீழ்ப்பாறை மைதானத்தில் டூரிஸ்ட் ஜீப்புகளை நிறுத்த கம்பெனிக்கு ஆசை வந்துவிட்டது. முனீஸ்வரன் மேனேஜரிடம் போய் மன்றாடி ஒரு வாக்கு வாங்கி வந்திருந்தார். லீக் ஆட்டம் அத்தனையும் ஆடி முடித்தால் மைதானம் கிளப்புக்கு. ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஏழு பேர் இறங்காமல் வாக்கோவர் கொடுத்தாலும் மைதானம் ஜீப்புக்கு. ஜெயிக்க வேண்டாம், ஆடி முடித்தால் போதும். பாக்கி இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுதான்.

"இரவல் சீலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்ச கதையா இருக்கு" என்றாள் மனைவி மாரித்தாய், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடி.

"லோன்காரன் என்னைக்கும் லோன்காரன்தான் புள்ள. நம்ம சோத்தத் தின்னாலும், நம்ம ஜெர்சியப் போட்டாலும், அவன் மனசு அவன் ஊர்லதான் கெடக்கும். நம்ம மண்ணுல ஒட்டவே ஒட்டாது."

மாரித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

"அப்படித்தான்! நான் நேர்ல போயிக் கேக்கறேன். விட மாட்டேன்."

"குளிரு அடிக்குது. மப்ளரக் கட்டிக்கிட்டுப் போங்க."

நாவல்மேட்டுக்குத் தேயிலைக் காட்டின் நடுவே ஒரு குறுக்கு வழி உண்டு. முனீஸ்வரன் அதில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். நாவல்மேடு கிளப் தலைவர் ராக்கப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாலே முனீசு. சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும் அண்ணாச்சி. ஆனந்தகுமார இந்த ஒரு ஆட்டத்துக்கு விட்டுருங்க. அவன் இல்லாம நாங்க இல்ல. இந்த சீசன்ல எத்தன கோல் போட்டிருக்கான் தெரியுமா? அவன் கால்ல பந்து போச்சுன்னா கோல்தான். சிறுத்தக் குட்டி!"

ராக்கப்பன் கையிலிருந்த பீன்ஸ் நழுவியது. "யாரு, நம்ம ஆனந்தகுமாரா? இங்க இருந்தப்ப த்ரோ எறியத் தெரியாமல்ல நின்னான். உருப்பட மாட்டான்னுதானே ஒனக்குத் தள்ளி விட்டேன்."

"நாந்தான் அண்ணாச்சி ஆக்கி விட்டேன்" என்றார் முனீஸ்வரன், நெஞ்சை நிமிர்த்தி. "அவன் மட்டுமா? நம்ம கோல்கீப்பர் ஜோமோன் இருக்கானே, அவன் இப்ப ஆளு இல்ல, சுவரு!"

"ஜோமோனா?" ராக்கப்பன் யோசித்தார். "அட, அவனும் எங்க பையன்தானே! ஒனக்குக் குடுத்ததே மறந்து போச்சு பாரு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ, அந்த போன எடு. ஜோமோனுக்கு ஒரு போன் போடணும்."

ஒருத்தனை மீட்கப் போன முனீஸ்வரன் இரண்டாமவனையும் தொலைத்துவிட்டு வந்தார். கிளம்பும்போது ராக்கப்பன் வீட்டில் கொடுத்த ஒரு பை பீன்ஸ் மட்டும் மிச்சம்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் தனியாக நின்றார். சுற்றிலும் மலைச்சரிவு, சரிவெல்லாம் தேயிலை. இந்தப் பக்கத்திலேயே சமமாக இருக்கிற இடம் இது ஒன்றுதான். இங்கே ஜீப் வரிசையாக நிற்பதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மப்ளரில் துடைத்துக்கொண்டு, "விட மாட்டேன்" என்று கோல்போஸ்டிடம் சொன்னார்.

பாடமும் கற்றுக்கொண்டார். புகழ்ந்ததுதான் தப்பு. புகழ்ந்தால் எவனும் விட மாட்டான். மூன்றாவது லோன்காரன் ஜின்சன், மூணாறு ஜீப் டிரைவர்கள் கிளப்பின் ஆள். அவனை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும் என்று காலை பஸ்ஸிலேயே மூணாறுக்குப் போனார்.

கிளப் செயலாளர் ஜிஜோ ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். "எந்தா அண்ணா, ஜின்சன் நல்லா களிக்குன்னுண்டோ?" என்று சிரித்தான்.

"அதை ஏன் கேக்குற தம்பி. விளையாட்டா அது? பந்து கெழக்க போனா இவன் மேற்க ஓடுறான். சோறு மட்டும் மூணு ஆளு சோறு. ஒங்களுக்கு அவன் லாயக்கே இல்ல. எங்ககிட்டயே ஒரு மூலையில கெடக்கட்டும், நான் சமாளிச்சுக்கறேன்."

ஜிஜோவின் முகம் வாடிவிட்டது. ஹோஸைக் கீழே போட்டான். "அய்யோ அண்ணா, இத்தனை மோசமா? நிங்ஙள் பெரிய மனுசன், வாயத் தொறந்து சொல்லாம இத்தனை நாளு சகிச்சிட்டுண்டு. இது எங்க கிளப்புக்கே நாணக்கேடு. இப்பவே அவன திரும்ப விளிக்கிறேன்."

"இல்ல தம்பி, வேண்டாம், அவ்வளவு மோசம் இல்ல..."

"பொய் பறையண்டா அண்ணா."

"பொய் இல்ல தம்பி! சத்தியமா நல்லா ஆடுவான்! புலி! போன ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டான்!"

ஜிஜோ நிமிர்ந்து பார்த்தான். "உள்ளதா? ரெண்டு கோலா? அப்ப எங்களுக்குத்தான் வேணும் அண்ணா. எங்களுக்கும் ஞாயிறு ஆட்டம் உண்டு."

வாயால் கெட்ட தவளை என்று சும்மாவா சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் முனீஸ்வரன் வாயைத் திறக்கவே இல்லை. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்குக்கூடக் கையைத்தான் காட்டினார்.

ஆனால் கீழ்ப்பாறையில் இறங்கியபோது தீர்மானத்தோடு இறங்கினார். ஆட்டக்காரன்தானே கிடைக்கவில்லை? ஆளே கிடைக்காமலா போய்விடும்? கை கால் இருந்தால் ஆள். ஏழு ஆள் நின்றால் அணி.

முதலில் கண்ணில் பட்டது ஒரு லாரி. மீனாட்சிபுரத்திலிருந்து மாட்டுத் தீவனம் ஏற்றி வந்தது. பால் சொசைட்டி கோடவுன் சாவியை வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் திங்கட்கிழமைவரை இறக்க முடியாது. டிரைவர் குப்பண்ணன் மூட்டை மேல் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பண்ணே, நாளைக்கு ஒரு மணி நேரம் மைதானத்துல வந்து நிக்கணும்."

"ஏனுங்க, எனக்குப் பந்தாட்டமே தெரியாதுங்களே. ஊட்டுல எருமையத் தொரத்துனதோட சரிங்க."

"அது போதும். பந்த எருமைன்னு நெனச்சுக்குங்க."

"பந்து முட்டாதுங்களே?"

"முட்டாது."

"அப்பச் செரிங்க."

அடுத்தவர் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஹரிநாராயணன். கல்பாத்திக்காரர். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது.

"அய்யய்யோ, நேக்குப் பந்து வரதைப் பாத்தாலே கண்ணு தன்னால மூடிக்கும், கேட்டேளா!"

"மூடிக்கிட்டே நில்லுங்க சாமி. கோல்போஸ்ட்டுக்கு நடுவுல நின்னா போதும்."

"நேக்கு ஷுகர் வேற இருக்காக்கும். டாக்டர் தெனம் நடக்கத்தான் சொல்லியிருக்கார், ஆடச் சொல்லலை."

"தெனம் எங்க சாமி நடக்குறீங்க?"

"உங்க க்ரவுண்ட்லதான். வேற எங்க ஓய் இங்க சமதளம் இருக்கு?"

"அங்கதான் ஜீப் நிறுத்தப் போறாங்க."

ஹரிநாராயணன் சற்று நேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மேலே பார்த்தாலும் ஏற்றம், கீழே பார்த்தாலும் இறக்கம். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

சொந்த ஆள் நாலு, குப்பண்ணன், ஹரிநாராயணன். ஆறு ஆயிற்று. ஏழாவது ஆளுக்கு முனீஸ்வரன் எங்கும் அலையவில்லை. பரணில் இருந்த தன் பழைய பூட்ஸை எடுத்து உதறினார். உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடியது.

"இந்த வயசுலயா?" என்றாள் மாரித்தாய்.

"இந்த வயசுலதான்."

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டே திரண்டு வந்துவிட்டது. முனீஸ்வரன் ஜெர்சியில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கியதும், நாவல்மேட்டுப் பொருளாளர் அவரை விரலால் காட்டி ராக்கப்பன் காதில் என்னவோ குசுகுசுத்தார். ராக்கப்பன் 'சும்மா இரு' என்பதுபோல் கையை ஆட்டினார்.

"பாத்தீங்களா சாமி" என்றார் முனீஸ்வரன், ஹரிநாராயணனிடம். "என் பழைய ஆட்டம் ஞாபகம் வந்திருச்சு. மெரண்டுட்டானுங்க."

"நேக்கும் மெரட்சியாத்தான் இருக்கு" என்றார் ஹரிநாராயணன், கம்பத்தைப் பிடித்தபடி. மேலே கிளப் ஜெர்சி, கீழே ஆபீஸ் பேண்ட்.

விசில் ஊதியது. ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே கீழ்ப்பாறைக்கு நல்லது. குப்பண்ணன் தன் காலடிக்கு வந்த பந்தையெல்லாம், "இந்தாங்க, நீங்களே வெச்சுக்கோங்க" என்று எதிராளியிடம் மரியாதையாகக் கொடுத்தார். எதிர்ப்பக்கத்து கோலில் வேலையில்லாமல் நின்ற ஜோமோன், பழக்க தோஷத்தில், "அண்ணே, பின்னால ஆளு வர்றான், புடிங்க புடிங்க!" என்று முனீஸ்வரனுக்கே கத்தினான். ஆனந்தகுமார் ஒருமுறை மறந்துபோய் அவருக்கே பாஸ் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஹரிநாராயணன் சொன்ன சொல் தவறாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு பந்து அவர் தொந்தியில் பட்டுத் திரும்பியபோது மைதானமே எழுந்து கைதட்டியது. அவர்தான் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

இரண்டாம் பாதியில் முனீஸ்வரனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரெஃப்ரி ஓடி வந்து, "வெளியே போறீங்களா?" என்று கேட்டார்.

"போனா ஆறு பேரு. ஆட்டம் முடிஞ்சிரும். நான் போக மாட்டேன்" என்று சொல்லி நொண்டிக்கொண்டே கோல்போஸ்ட்டைக் கட்டிப்பிடித்து நின்றார். வலியில் கண்ணீர் வழிந்தது. பிடியை விடவில்லை. கரையில் நின்ற கொழுந்து எடுக்கும் பெண்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். அதில் மாரித்தாயின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

கடைசி விசில் ஊதியபோது பதின்மூன்றுக்குப் பூஜ்யம். தோற்ற அணி ஜெயித்த அணியைவிட உயரமாகக் குதித்தது. ஹரிநாராயணன் கண்ணைத் திறந்து, "ஆட்டம் முழுசா நடந்துதுன்னு மேனேஜருக்கு நானே எழுதிடறேன். சாட்சிக்கு என் வயிறு இருக்கு" என்றார்.

முனீஸ்வரன் நொண்டிக்கொண்டே நேராக ராக்கப்பனிடம் போனார். பின்னால் அவருடைய அணி முழுவதும் போயிற்று. மாரித்தாயும் தண்ணீர்ச் செம்போடு வந்து சேர்ந்தாள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி! நீங்க ரெண்டு பேரப் புடுங்குனீங்க, ஜீப்காரன் ஒருத்தனப் புடுங்குனான். ஆட்டத்த நிறுத்த முடிஞ்சுதா?"

"நிறுத்தணும்னு யாருலே நெனச்சா?"

"பின்ன என்ன? குடுத்த ஆள நடு சீசன்ல திரும்பக் கேக்குறது ஒரு மனுசன் செய்ற காரியமா? கீழ்ப்பாறைக்காரன் செத்தாலும் செய்ய மாட்டான்!"

ராக்கப்பன் கோபப்படவில்லை. "முனீசு, ஒன் மைதானம் போனாப் போகட்டும்னு நெனச்சிருந்தா, எங்க ஆளுக அத்தன பேரையும் கூப்பிட்டிருப்பேன்ல? எங்க பொருளாளரு ஆட்டத்துக்கு முன்னாடியே சொன்னான். 'இன்னொருத்தனையும் கூப்பிட்டுருவோம், ஆறு பேராயிரும், வாக்கோவர்'னான். நாந்தான் கூடவே கூடாதுன்னுட்டேன்."

முனீஸ்வரன் விரலை மடக்கினார். ஆனந்தகுமார். ஜோமோன். மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது.

"உங்க ஆளு இன்னொருத்தனா? எங்கிட்டயா? எவன் அண்ணாச்சி அது?" திரும்பித் தன் அணியை முறைத்தார்.

"நான் மீனாட்சிபுரமுங்க" என்றார் குப்பண்ணன் அவசரமாக.

"நான் கல்பாத்தியாக்கும்" என்றார் ஹரிநாராயணன்.

சொந்த ஆட்கள் நாலு பேரும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். ராக்கப்பன் மாரித்தாயைப் பார்த்தார்.

மாரித்தாய் தண்ணீர்ச் செம்பைப் புருசன் கையில் கொடுத்தாள்.

"எங்கப்பா ஒரே ஒரு சீசனுக்குன்னு நாவல்மேட்டுல கேட்டு வாங்கிட்டு வந்த ஆளே நீங்கதாங்க. இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்க, திருப்பிக் கேப்பாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து நானும் வழியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒருத்தரும் வரக் காணோம்!"