போடியார் வீட்டுக் கதவை அளக்கப் போனேன்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பழைய வீட்டைப் பார்த்து, கதவை அளந்து, பென்சிலால் படம் கீறிக்கொண்டு வரவேண்டும்.

அவ்வளவுதான். சின்னப் பிள்ளையும் செய்துவிட்டு வரும்.

கல்முனையில் எங்கட வாலிபர் மன்றம் பழைய காலத்துச் சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்த இருந்தது. பாக்குவெட்டி வந்தாயிற்று, வெற்றிலை துப்பும் படிக்கம் வந்தாயிற்று. வீட்டைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது, படமாவது வேண்டும் என்றார் மன்றத்துச் செயலாளர் காதர் காக்கா.

"நீயே போ. ஒனக்குத்தான் படம் கீற வரும். வாயும் இல்ல. போற இடத்துல ஒரு வம்பும் வராது."

எனக்கு வாய் இல்லை என்பது உண்மை. நான் சத்தமாகப் பேசியதை எங்கள் வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை. ஆனால் வம்புக்கு வாய் தேவையில்லை என்பது காதர் காக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போகவேண்டிய இடம், நற்பிட்டிமுனையைத் தாண்டி, தாழ்ந்த பாலமான கிட்டங்கித் தாம்போதியையும் கடந்து, வயல்வெளிக்குள்ளால் உள்ளே உள்ளே போனால் வரும் ஒரு சின்னப் பழைய ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். அந்த வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மரத்தூண் வைத்த பள்ளிவாசலும், சித்திரவேலை செய்த நிலைக்கதவுகளும் அந்த ஊருக்குப் பேர்போனவை. அதிலும் நிறைய வயல் வைத்திருக்கும் போடியார் ஒருவரின் வீட்டுக் கதவைப் பற்றி ஊர் ஊராகக் கதைப்பார்கள்.

ஐப்பசிக் கடைசி. விதைப்பு முடிந்து வயல் எல்லாம் பச்சை பூசத் தொடங்கிய நேரம். மாரி இறுக்கிப் பிடித்தால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனவன் அந்தப் பக்கம்தான். ஆகவே உடனே கிளம்பினேன்.

போடியார் வீட்டுக்குப் போகிறோம், மரியாதையாகப் போவோம் என்று நினைத்தது என்ட முதல் பிழை. மச்சானிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சேர்ட். அந்தக் காலத்து மோஸ்தரில் தெருக்கூட்டும் பெல்பொட்டம் களிசன். போதாக்குறைக்குக் காதுக்குப் பின்னால் அத்தர். சைக்கிள் செயின் களிசனைத் தின்றுவிடாமல் வலது காலை மட்டும் கயிற்றால் கட்டிக்கொண்டேன்.

ஊர் முகப்புத் தேத்தண்ணிக் கடையில் வழி கேட்டேன்.

"போடியார்ட வீட்டப் பாக்க வந்த நான்."

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது.

"வீட்டப் பாக்கவா? தனியாவா வந்த?"

"ஓம்."

"மத்தாக்கள்?"

மன்றத்து ஆட்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "நான் பாத்திட்டுச் சொன்னாப் பொறகு அவங்க வருவாங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்கள். கயிறு கட்டிய காலில் கொஞ்ச நேரம் நின்றது பார்வை. தேத்தண்ணிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். எவ்வளவு நல்ல ஊர்!

ஒடுங்கிய ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்: "கொஞ்சம் மெலிவுதான்."

இன்னொரு குரல்: "அதுக்கென்ன, சோத்தப் போட்டா உடம்பு வைக்கும்."

யாரோ மாட்டைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நினைத்து நடந்தேன்.

போடியார் வேலி வாசல் கடப்படியிலேயே நின்றார். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வயதான மனிதர், புதுச் சாரன், தோளில் துவாய்.

"வாங்க மகன், வாங்க! வெள்ளெனவே வந்திட்டீங்க. நாங்க பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகுதான் எதிர்பாத்த."

யாரோ நான் வருவதைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். காதர் காக்காவின் ஏற்பாடே ஏற்பாடு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரருக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். எங்கட பக்கத்தில் கலியாணம் என்றால் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடிபோகிறவர். வீடு பொண்ணுக்குக் கொடுக்கிற சீதனம். அதனால் மாப்பிள்ளைப் பகுதி முதலில் வந்து பார்ப்பது பொண்ணை அல்ல, வீட்டை. சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள்.

இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். என் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவனே நான்தான். அன்றைக்கு மூளையைக் கல்முனையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், வேறு என்ன சொல்ல.

பாருங்கள் நான் செய்த வேலையை. முதலில் நிலைக்கதவைத் தடவிப் பார்த்தேன். பிறகு சுவரைத் தட்டினேன். பிறகு அளவு நாடாவை வெளியே எடுத்தேன்.

போடியாரின் கண் விரிந்தது. "நாடாவோடயே வந்திரிக்கீங்க!"

"ஒழுங்கா அளந்தாத்தானே நல்லது."

"அது சரி, அது சரி." நாடாவின் மற்ற நுனியை அவரே பிடித்துக்கொண்டார். கதவு அளந்தோம். மண்டபம் அளந்தோம். உள்ளறையையும் அளக்கவேண்டும் என்றேன்.

"இந்த அறை ரெண்டு பேருக்குக் காணும்தானே மகன்?"

"தாராளம்" என்றேன்.

சமையல் நடந்த குசினிப் பக்கம் யாரோ ஒரு பெண் சிரித்த மாதிரி இருந்தது. வளையல் சத்தமும் கேட்டது.

கண்காட்சியில் படத்துக்குக் கீழே எழுதுவதற்காக விபரங்கள் கேட்டேன். கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"இந்த வீடு இப்ப ஆர்ட பேர்ல இரிக்கி?"

"என்ட பேர்லதான். அதுக்கென்ன, மகள்ட பேருக்கு எழுதிரலாம்."

"கூரை ஒழுகுமா?"

"ஒரு சொட்டு இல்ல! அல்லாஹ் மேல ஆணை!"

ஒரு கூரையைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு மனிதர் இவ்வளவு உணர்ச்சிவசப்படுவாரா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு போடியார் பாய் விரித்து இருத்திக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்ன வயதில் மூத்தாப்பா கதை சொல்லும்போது ம் கொட்டாவிட்டால் கதையை அப்படியே நிறுத்திவிடுவார். அதனால் யார் எதைச் சொன்னாலும் என் தொண்டை தானாக ம் கொட்டும்.

"வளவுத் தென்னையெல்லாம் மகளுக்குத்தான்."

"ம்."

"வண்டில் பாதையில இரிக்கிற காணியும் அவளுக்குத்தான்."

"ம்."

"கலியாணத்த மாரி முடியவே வெச்சிரலாம்."

"ம்."

எவ்வளவு பாசமான தகப்பன் என்று நினைத்தேன். திடீரென்று போடியாரின் குரல் இறங்கியது.

"ஆனா மகன், ஒரு கதை சொல்லி அனுப்பினாங்க. இது பழைய வீடு, உடைச்சிட்டுப் புதுக் கல்வீடு கட்டித் தரணும் எண்டு. கட்டலாம். அதுக்கு வயல விக்கணும். வித்தா அடுத்த போகம் நாங்க என்னத்த விதைக்கிற?"

வீட்டை உடைக்கிறதா? அந்தக் கதவையா? எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியாது. வாழ்க்கையில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

"ஆரு சொன்ன உடைக்கச் சொல்லி? கண்ணில்லாத ஆக்களா? இந்த வீட்டுல ஒரு கூரையோட்டக்கூட மாத்தப்படாது! இந்தக் கதவு, இந்தத் தூண், எல்லாம் இப்பிடியே இரிக்கணும். வயலையும் விக்காதீங்க!"

போடியார் துவாயால் கண்ணைத் துடைத்தார். எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி வீடே அதிரக் கத்தினார்.

"இஞ்சாருங்க! அந்தப் பெரிய சாவலப் புடிங்க!"

பின் வளவில் ஒரு சேவல் இரண்டு சுற்று ஓடிய சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

படம் கீற வந்தவனுக்குச் சேவல் அறுக்கிறார்களே என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கலைஞனுக்கு நாட்டுப்புறத்தில்தான் மதிப்பு என்று யோசித்தேன்.

சோறு வந்தது. சேவல் கறியும் வந்தது. முழுக்காலையும் எடுத்து என் பீங்கானில் வைத்துவிட்டுப் போடியார் சொன்னார்:

"வெக்கப்படாமத் தின்னுங்க மருமகன்."

மருமகன்!

பிசைந்த சோற்றைத் திரும்பப் பீங்கானிலேயே வைத்தேன். கடைக்காரர், வேலிக்குரல், நாடா, அறை, தென்னை, எல்லாம் வரிசையாக வந்து என் தலையில் குட்டின.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்தப் பயத்துக்கு நடுவிலும், குசினியில் சிரித்த அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு யோசித்தும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. "ஆரோ வந்திரிக்காங்க" என்று போடியார் கடப்படிக்குப் போனார். அவர் போனதும் அவருடைய மனைவி கதவு மறைவிலிருந்து தலையை நீட்டினார். முக்காட்டுக்குள்ளால் இரண்டு கூர்மையான கண்.

"மகன், உண்மையச் சொல்லுங்க. தரகர் அனுப்பின ஆளா நீங்க?"

"இல்ல மாமி. மன்றத்தால அனுப்பின. கதவப் படம் கீற."

"படம் கீறவா?"

"ஓம் மாமி. நான் போறன். மன்னிச்சிக்கங்க." பாதி எழும்பிவிட்டேன்.

"இரிங்க!" என்றார். நான் இருந்தேன். "அந்தா வாறவங்கதான் மாப்பிள்ளை வீட்டாக்கள். மகளுக்கும் அந்தப் பொடியன்தான் விருப்பம். அவன்ட மாமன்தான் உடைச்சிக் கட்டு, உடைச்சிக் கட்டு எண்டு நிக்கிற. நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். எழும்பாமத் தின்னுங்க. அது காணும்."

கதைக்காமல் தின்பது! உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

மாப்பிள்ளையின் மாமா உள்ளே வந்தார். கனத்த மனிதர். வரும்போதே கூரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார்.

"போடியார், நாங்க முந்தியே சொன்னதுதான். இத உடைச்சிட்டு..."

அப்போதுதான் பாயில் இருந்த என்னைக் கண்டார். என்னையும், கையில் இருந்த சேவல் காலையும்.

"இவரு ஆரு?"

போடியார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கட ஆளில்லையா?"

"எங்கட ஆளா? நாங்க ஆரையும் அனுப்பல்லயே!"

போடியாரின் முகம் செத்துப்போனது. நான் பீங்கானுக்குள் விழுந்து மறைய வழி பார்த்தேன். அப்போது கதவு மறைவிலிருந்து மாமியின் குரல் வந்தது. தேன் மாதிரிக் குரல்.

"அவங்களும் வீடு பாக்கத்தான் வந்த. கல்முனை. வீடு நல்லாப் புடிச்சிரிக்காம். ஒரு ஓட்டக்கூட மாத்தப்படாதாம்."

கவனியுங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா தம்பி?"

வாய் நிறையச் சோறு. தொண்டை தன் வேலையைச் செய்தது.

"ம்."

மாமாவின் கண் பாயில் கிடந்த நாடாவில் விழுந்தது. "அளந்தும் பாத்திட்டாரா?"

"கதவு, மண்டபம், அறை, எல்லாம் அளந்த" என்றார் போடியார். பாவம், அவர் உண்மையாகவே சொன்னார். "ரெண்டு பேருக்குத் தாராளம் எண்டவரு."

வாசற்படியில் ஒரு பொடியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன்தான் மாப்பிள்ளை. என்னைப் போலவே வாயில்லாத சாதி. அவன் திடீரென்று கத்தினான்:

"மாமா, எனக்கு வீடு புடிச்சிட்டு!"

"நீ இன்னும் உள்ளுக்கே வரல்லயேடா!"

"படியில நிண்டே புடிச்சிட்டு மாமா!"

மாமா என்னைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். மெதுவாகப் பாயில் அமர்ந்தார். தூணைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பழைய வீடுதான் போடியார் பெலம். இந்தக் காலத்துக் கல்வீட்டுல என்ன இரிக்கி? சரி, பேச்ச முடிச்சிப் பாத்திஹா ஓதுவம்."

ஓதினார்கள். நானும் எச்சில் கையோடு ஆமீன் சொன்னேன். எனக்குக் கிடைக்க இருந்த பெண்ணுக்கு நானே சாட்சி!

அதன் பிறகு அந்த வீட்டில் என் மவுசு போன வேகத்தைச் சொல்லி முடியாது. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. என் மூக்குக்கு முன்னாலேயே தாண்டி மாப்பிள்ளைக்குப் போனது.

"மழ இருட்டிட்டு மகன்" என்றார் மாமி. "தாம்போதியில தண்ணி ஏற முந்திப் போய்ச் சேருங்க."

படமா? ஒரு கோடுகூடக் கீறவில்லை. வாசலில் இறங்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. என்னைப் பற்றி அவள் வாழ்நாளில் சொன்ன ஒரே வசனம் இதுதான்:

"உம்மா, அந்த நாடாக்காரர் ஒரு காலுல கயித்தோடயே போறாரு."

மழை பிடித்துவிட்டது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன், ஓலைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாமி கடப்படிக்கு ஓடி வந்தார். பரவாயில்லை, ஒரு கிண்ணம் வட்டிலப்பமாவது தருவார் என்று நின்றேன்.

மாமி வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மகன், வாற வெள்ளிக்கிழம நேரமிரிக்கா? அடுத்த ஒழுங்கையில என்ட தங்கச்சி. அவட மகளையும் கேட்டு வாறாங்க. அவட வீடும் பழசுதான்."

போனேன். அங்கே ஆட்டிறைச்சி.