ஸ்பிரிங்கு அண்ணனின் குலுக்கல் சைக்கிள்

ஸ்பிரிங் என்கிற சாமானை ஸ்பிரிங்கு அண்ணன் அளவுக்கு வெறுத்த மனுஷன் புதுச்சேரியிலேயே கிடையாது. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிற சைக்கிளைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். அதனால்தான் எங்கள் ரெட்டியார்பாளையம் தெரு அவருக்கு அந்தப் பேரை வைத்தது.

கிரில் பட்டறைக்காரர். பேரன் எடுக்கிற வயதில் தனக்கென்று ஒரு மலை சைக்கிள் செய்யக் கிளம்பினார். மலையே இல்லாத ஊரில்! முண்டு முண்டாய்ப் பட்டன் டயர், தடித் தடியாய்க் குழாய், குலுக்கலைத் தாங்க மருந்துக்குக்கூட ஒரு ஸ்பிரிங் இல்லை.

"சட்டை மாதிரி உடம்பு அளவுக்குச் செய்யணும்டா தம்பி" என்று சுவரில் சாய்ந்து, தொடையிடுக்கில் ஒரு புஸ்தகத்தைச் செருகிக்கொண்டு, தரையிலிருந்து அதுவரை கால் உயரம் அளக்க என்னை டேப் பிடிக்கச் சொன்னார். உள்ளேயிருந்து வந்த அண்ணி அலறிவிட்டார்.

"அட பாவி மனுஷா, அது ஜெபப் புஸ்தகம்யா!"

"கெட்டி அட்டை அது ஒண்ணுலதான்டி இருந்துச்சு."

வண்டியை மந்திரிக்கச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்துவிட்டு, "ஸ்டாண்டு எங்கப்பா?" என்றார். ஸ்டாண்டு இல்லாத வண்டி அவர் அங்கி மேலேயே சாய்ந்தது.

அப்புறம் அண்ணன் ஊரெல்லாம் பள்ளம் தேடி அலைந்தார். குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டினால் அவருக்குத் திருவிழா. "அரியாங்குப்பம் பக்கமும் தார் போட்டுட்டானுங்கடா" என்று எழவு வீட்டுக் குரலில் சொல்வார்.

ஒருநாள் ஊசுட்டேரிக் கரையில், வேர் மேலும் கல் மேலும் தடதடவென்று போனவர் சட்டென்று நின்று கத்தினார்.

"தம்பி, தெரியுதுடா! கால்ல தெரியுது!"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சர்க்கரையால் இரண்டு பாதமும் மரத்துக்கொண்டே வந்தன. டாக்டர் ஊசியால் குத்தினாலும் உறைக்கவில்லையாம். "இந்தக் குலுக்கல்தான் கொஞ்சம் தெரியுது. ஸ்பிரிங் வெச்சா அதுவும் போயிடும். அப்புறம் கால் இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணி கெஞ்சி ஷூ வாங்கித் தந்தார். "அதுவும் ஒரு ஸ்பிரிங்தான்டி" என்று மூலையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். கால் வழுக்காமலிருக்க பெடலில் அவரே பற்றவைத்த இரும்பு முள், ஒருநாள் பாதத்தைக் கிழித்துவிட்டது. வீடுவரை ஓட்டி வந்தவர், வாசல்படியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குடி அடிபட்டுச்சு?" என்று அண்ணியைக் கேட்டார்.

புண் ஆறவேயில்லை. பெரியாஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொல்வார். அவர் அளவு வண்டி. எனக்குப் பெடல் சரியாக எட்டாது. அவர் வீட்டெதிர்ப் பள்ளத்தில் இறங்கினால் பல்லெல்லாம் ஆடும்.

"தெரியுதாடா?"

"தெரியுதுண்ணே!"

வாயைத் திறக்காவிட்டால் மறுபடி போகச் சொல்வார்.

போன மழைக்கு முன்னால் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த கையோடு எங்கள் தெருவுக்கும் தார் போட்டுவிட்டார்கள், பாவிகள். அண்ணி சைக்கிளை என்னிடமே கொடுத்துவிட்டார். ரோடு வழவழவென்று இருக்கிறது, பேருக்குக்கூட ஒரு பள்ளம் இல்லை. ஆனாலும் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டும்போது நான் கத்தத்தான் செய்கிறேன்.

"தெரியுதுண்ணே!"